லார்ட்ஷிப் முனையில் விழுந்த ஈயம்: மூடப்பட்ட ஒரு துப்பாக்கிக் கிளப்பும் தப்பிய இன்னொன்றும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊரின் தெற்கு விளிம்பில் ஹூசடானிக் ஆறு கடலைச் சேருகிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டி லாங் ஐலண்ட் சவுண்ட் என்னும் கடற்பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருப்பது லார்ட்ஷிப் முனை. 1920களில் அங்கே ஒரு துப்பாக்கிக் கிளப் தொடங்கப்பட்டது. 1945 முதல் அதை நடத்தியது ரெமிங்டன் ஆர்ம்ஸ் நிறுவனம். யாரும் போய்க் கட்டணம் கட்டிச் சுடலாம். ஆண்டுக்கு 40,000 பேர் வந்துபோனார்கள் என்று நீதிமன்றப் பதிவு சொல்கிறது. 1986 டிசம்பர் கடைசியில் அது மூடப்பட்டபோது, நிலத்திலும் கடலடியிலும் கிடந்த ஈய ரவை கிட்டத்தட்ட 50 லட்சம் பவுண்டு. இலக்காக வீசிச் சுடும் களிமண் தட்டுகளின் உடைந்த துண்டுகள் 110 லட்சம் பவுண்டு. மெட்ரிக் கணக்கில் ஈயம் மட்டும் ஏறத்தாழ 2,200 டன்.

வேட்டை, மீன்பிடி, துப்பாக்கி உரிமை என்று பேசும் உள்ளூர்க் கிளப்புகள் இந்த வழக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காரணம் எளிது. இந்தத் தளத்தை மூடவைத்தது துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இல்லை. பிறகு வழக்குப் போட்டவர்களும் துப்பாக்கியை வெறுக்கும் இயக்கத்தார் இல்லை. கனெக்டிகட் கரையோர மீனவர் சங்கம் என்ற அமைப்பு அது. ஒரே கரையை நம்பியிருந்த இரு தரப்பில் ஒன்று மற்றதைக் கோர்ட்டுக்கு இழுத்தது.

ரவை எங்கே போய் விழுகிறது

லார்ட்ஷிப்பில் நடந்தது டிராப், ஸ்கீட் என்ற இரண்டு ஆட்டங்கள். டிராப்பில் குழிவீட்டுக்குள் இருக்கும் எந்திரம் தட்டை முன்னோக்கி வீசும். பின்னால் நிற்பவர் ரவையைச் சிதறவிடும் ஷாட்கன்னால் அதை உடைக்க வேண்டும். ஸ்கீட்டில் தட்டுகள் இரு பக்கத்திலிருந்தும் குறுக்கே பறக்கும். பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் சுட்டதும் டிராப்தான். ஆனால் ஒலிம்பிக் விதி வேறு, அமெரிக்கக் கிளப் விதி வேறு. ஒலிம்பிக்கில் ஒரு தோட்டாவுக்கு 24 கிராம் ஈயம்தான் வரம்பு. அமெரிக்கக் கிளப்புகளில் நெடுங்காலம் புழங்கிய 12 போர் டிராப் தோட்டாவில் ஒன்றேகால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவாக, 32 கிராம் வரை இருக்கும். ஏழரை நம்பர் ரவை என்றால் அதன் விட்டம் 2.4 மில்லிமீட்டர், ஒரு தோட்டாவில் சுமார் 390 ரவைகள்.

ஒரு சுற்றுக்கு 25 வெடி. 25ஐ 32ஆல் பெருக்கினால் 800 கிராம். ஒரு ஆள் ஒரு சுற்று முடித்துத் துப்பாக்கியை மடிக்கும்போது, முக்கால் கிலோவுக்கு மேல் ஈயத்தைக் காற்றில் தூவிவிட்டிருக்கிறார். தட்டில் படுவது அதில் சில ரவைகள்தான். படுகிறவையும் நொறுங்கிக் காணாமல் போவதில்லை. மொத்தமும் தரைக்குத்தான் வந்தாக வேண்டும்.

லார்ட்ஷிப் கணக்கை இதோடு ஒட்டிப் பாருங்கள். 40,000 பேர், ஆளுக்கு ஒரே ஒரு சுற்று என்றாலும் ஆண்டுக்கு 32 டன். அதை 65 ஆண்டுகளால் பெருக்கினால் 2,080 டன். தொடக்கக் காலத்தில் இவ்வளவு கூட்டம் இருந்திருக்காது, பின்னால் வந்தவர்கள் ஒரு சுற்றோடு நின்றிருக்கவும் மாட்டார்கள். ஆகவே இது துல்லியக் கணக்கு ஆகாது. ஆனால் பதிவில் உள்ள தொகை மலைப்பாகத் தெரிந்தாலும், அது சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் சேர்ந்து சேர்ந்து வந்த தொகைதான் என்பது விளங்கும். அங்கே யாரும் லாரியில் கொண்டுவந்து கொட்டவில்லை.

அடுத்தது தொலைவு. உருண்டை ரவை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200ஆல் பெருக்கினால் கஜம் கிடைக்கும். ஏழரை நம்பருக்கு 0.095 அங்குலம், அதாவது 209 கஜம், சுமார் 190 மீட்டர். பின்காற்று அடித்தாலோ தளம் மேட்டில் இருந்தாலோ இன்னும் போகும். அதனால் திட்டமிடும்போது 235 மீட்டர் வரை ரவை விழும் என்றும், பாதுகாப்புக்கு 275 மீட்டர் ஆளில்லா நிலம் வேண்டும் என்றும் வைத்துக்கொள்வார்கள். கனமாக விழும் பட்டை சுமார் 115 மீட்டரிலிருந்து 180 மீட்டர் வரை. இந்தப் பட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் ஒரு கிளப்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. லார்ட்ஷிப்பில் அதன் கீழே கடல்நீர் இருந்தது.

கடலைப் பார்த்துச் சுடுவதற்குக் காரணமும் இருந்தது. 275 மீட்டர் வெற்று நிலம் வாங்க வேண்டாம்; எதிரே ஆள் நடமாட்டம் இல்லை; பின்னணியில் வானம் மட்டும் இருப்பதால் தட்டு பளிச்சென்று தெரியும். அக்காலத்தில் அது நல்ல பொறியமைப்பாகவே எண்ணப்பட்டது. சிகாகோவில் மிச்சிகன் ஏரியைப் பார்த்துச் சுட்ட லிங்கன் பார்க் துப்பாக்கிக் கிளப்பும் இதே ஏற்பாடுதான். அதுவும் 1991இல் மூடப்பட்டது.

வாத்தின் இரைப்பையில்

லார்ட்ஷிப்புக்கு வடக்கே நெல்ஸ் தீவுச் சதுப்பு, மாநில அரசின் காட்டுயிர்க் காப்பிடம். அமெரிக்கக் கருவாத்து பெருங்கூட்டமாகத் தங்கும் இடம். வாத்துக்குப் பல் கிடையாது. பொடிக்கற்களை விழுங்கி, தசை தடித்த அரைவைப்பையில் வைத்து இரையை அரைக்கும். அது தேடும் கல்லின் அளவும் இரண்டரை மில்லிமீட்டர் ரவையின் அளவும் ஒன்று. மென்மையான ஈயம் அரைவைப்பைக்குள் கல்லோடு உரசித் தேய்கிறது. வயிற்று அமிலம் அதைக் கரைத்து ரத்தத்தில் சேர்க்கிறது. சில ரவைகளே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். இறகு தொங்கி, பறக்க முடியாமல், தீவனம் நிறைந்த சதுப்பிலேயே மெலிந்து சாகும். லார்ட்ஷிப் பகுதியில் பிடித்துச் சோதித்த கருவாத்துகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கடுமையான ஈய நச்சு இருந்தது தெரியவந்தது. அங்கே எடுத்த வண்டலிலும் நீல மட்டிகளிலும் ஈயம் மிகுந்திருந்தது.

வேட்டைக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை கூடாது என்ற கூட்டாட்சி விதி படிப்படியாக வந்து 1991இல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விதி வேட்டைக்கு மட்டும்தான், சுடுதளத்துக்குப் பொருந்தாது. ஒரு சதுப்பில் வாத்துக்கு நேராக ஒரு ஈயத் தோட்டா வெடித்தால் அபராதம். அதன் பக்கத்தில் நின்று தட்டுக்கு நேராக ஆயிரம் வெடித்தால் அந்த விதிப்படி குற்றமில்லை. விதியில் இப்படி ஒரு ஓட்டை இருப்பதை வைத்து இதுதான் தங்கள் உரிமை என்று கிளப்புகள் நினைத்துவிடக் கூடாது. ஓட்டையை அடைக்க வேறு சட்டங்கள் காத்திருந்தன.

ஈயத்தின் இயல்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. உலோக ஈயம் லேசில் கரைவதில்லை. மண்ணில் கிடக்கும் ரவையின் மேல் வெண்மையான கார்பனேட் பொருக்கு படியும். அது ஒரு கவசம் போல. மண் புளித்து, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 6க்குக் கீழே போனால் பொருக்கு கரைகிறது, ஈயம் நீரோடு நகர்கிறது. அலை புரட்டும் கரையில் பொருக்கு உரசி உரசிப் பெயர்கிறது, புது ஈயம் வெளியே வருகிறது. தட்டின் கதை வேறு. பெயர் களிமண் தட்டு என்றாலும் அதில் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளை மூன்றில் இரண்டு பங்கும், அதைப் பிணைக்கத் தார்ப்பிசினை மூன்றில் ஒரு பங்கும் சேர்த்து அச்சில் வார்ப்பார்கள். அந்தப் பிசினில் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் உண்டு. சில புற்றுநோய் தரக்கூடியவை.

ஆணை, வழக்கு, தீர்ப்பு

1985இல் கனெக்டிகட் சுற்றுச்சூழல் துறை ரெமிங்டனுக்கு ஆணையிட்டது: ஈயம் அங்கே என்ன செய்கிறது என்று ஆராய்ந்து, சரிசெய்யும் வழியைச் சொல். பிறகு ஆணை திருத்தப்பட்டு, 1986 முடிவோடு ஈய ரவை வெளியேற்றம் நிற்க வேண்டும் என்றானது. கிளப் சுடுவதை நிறுத்தியது. அதற்கடுத்த ஆண்டு மீனவர் சங்கம் வழக்குத் தொடுத்தது. துணைக்கு எடுத்தது இரண்டு சட்டங்கள்: 1972இன் தூய நீர்ச் சட்டம், கழிவுகளை ஆளும் 1976இன் வளப் பாதுகாப்பு மற்றும் மீட்புச் சட்டம், சுருக்கமாக ரெக்ரா.

கனெக்டிகட்டும் நியூயார்க்கும் அடங்கிய இரண்டாம் சரகத்தின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. தூய நீர்ச் சட்டக் கோரிக்கை விழுந்தது. குடிமக்கள் தொடுக்கும் வழக்கில் மீறல் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1987இல் குவால்ட்னி வழக்கில் சொல்லியிருந்தது. இங்கே வழக்கு வரும்முன்பே துப்பாக்கி ஓய்ந்துவிட்டது. நீருக்கடியில் ரவை கிடப்பதே தொடரும் மீறல் என்ற வாதம் எடுபடவில்லை.

ரெக்ராவில்தான் நுட்பம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 'திடக்கழிவு' என்ற சொல்லுக்கு இரண்டு வரையறை. ஒன்று அனுமதிச் சீட்டு, சேமிப்பு விதி போன்றவற்றுக்காகக் கூட்டாட்சியின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிகளில் எழுதிய குறுகிய வரையறை. மற்றது சட்டத்திலேயே உள்ள அகன்ற வரையறை. உடல்நலத்துக்கோ சூழலுக்கோ உடனடியான, கணிசமான அபாயம் இருக்கிறது என்று தொடுக்கும் வழக்குக்கு அது பொருந்தும். சுட்ட ரவை அதன் வேலையைச் செய்து விழுந்திருக்கிறது, அதை யாரும் 'தூக்கி எறிய'வில்லை என்பது முகமையின் நிலை. குறுகிய வரையறையில் அதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆகவே அனுமதி வாங்காதது குற்றமில்லை. ஆனால் எடுக்காமல் இத்தனை காலம் குவியவிட்டால் அகன்ற வரையறைப்படி அது கைவிடப்பட்ட பொருளே என்றது. எத்தனை ஆண்டு கிடந்தால் கழிவாகும் என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் தரவில்லை. அந்த மௌனம் இன்றுவரை ஒவ்வொரு கிளப்பின் தலைமேலும் தொங்குகிறது.

ஈய ரவை அபாயக் கழிவு என்பதும் உறுதியானது. அளவுகோல், கழிவிலிருந்து எவ்வளவு ஈயம் கசியும் என்ற சோதனை. இப்போது வழக்கில் உள்ள முறையில் மாதிரியை அதன் எடையைப் போல் 20 மடங்கு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போட்டு 18 மணி நேரம் உருட்டுவார்கள். பிறகு வடிகட்டிய நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஈயத்தைத் தொட்டால் அது அபாயக் கழிவு. ரவை கலந்த மண் இதில் தேறுவது அரிது. தட்டுத் துண்டுகள் நச்சா இல்லையா என்பது மட்டும் மேல் விசாரணைக்கு விடப்பட்டது.

மூன்றாண்டு கழித்து, 1996இல், அதே கடற்பகுதியின் நியூயார்க் கரையில் அடுத்த அடி விழுந்தது. டிராவர்ஸ் தீவில் டிராப் தளம் நடத்திய நியூயார்க் அத்லெடிக் கிளப் மீது, அந்தக் கடற்பகுதியைக் காக்கும் சவுண்ட்கீப்பர் அமைப்பு வழக்குப் போட்டது. இந்தக் கிளப் ஈயத்தை விட்டு எஃகு ரவைக்கு மாறியிருந்தது. ஆனால் சுடுவதை நிறுத்தவில்லை. ஆகவே இங்கே நிலை தலைகீழ். கழிவுச் சட்டக் கோரிக்கை விழுந்தது, நீர்ச் சட்டக் கோரிக்கை நின்றது. தட்டு வீசும் எந்திரம், சுடுபவர் நிற்கும் சிமெண்ட் மேடை, தளம் எல்லாம் சேர்ந்து நீர்ச் சட்டம் அனுமதி கேட்கும், மாசு வெளியேறும் ஒரு குழாய்முனைக்குச் சமம். அதிலிருந்து நீருக்குள் போகும் எஃகும் தட்டுத் துண்டும் மாசுதான். அனுமதி வேண்டும் என்றார் நீதிபதி. ஈயத்தை மாற்றினால் போதும் என்று நம்பியவர்களுக்கு இது கசந்த பாடம்.

சிம்ஸ்பரியில் நடந்தது

அதே கனெக்டிகட்டில், கடலிலிருந்து உள்ளே தள்ளி, சிம்ஸ்பரி என்ற ஊரில் மெட்டகான் துப்பாக்கிக் கிளப் இருக்கிறது. 1960களின் நடுவில் தொடங்கிய தனியார் கிளப். இடம் 137 ஏக்கர். ஃபார்மிங்டன் ஆற்றுக்கு அருகே, ஈரநிலம் சூழ்ந்தது. தோட்டாவைத் தாங்க மண்மேடு. ஊரார் அமைப்பு ஒன்று இதே இரண்டு சட்டங்களையும் எடுத்துக்கொண்டு வழக்குத் தொடுத்தது. அதே இரண்டாம் சரக நீதிமன்றம் 2009இல் கிளப்புக்குச் சாதகமாகத் தீர்த்தது.

என்ன வேறுபாடு? மண்ணில் ஈயம் இருந்தது. வாதிகளின் ஆய்வறிக்கைகள் அதைக் காட்டின. ஆனால் தளம் நடப்பில் இருந்தது, ஆகவே வழக்கமான பயன்பாட்டில் விழும் ஈயம் கழிவு ஆகாது என்ற முகமையின் விளக்கம் முழுதாகக் கிளப்புக்கு உதவியது. ஈயம் விழுந்தது நேரே நீரில் அல்ல, மண்மேட்டில். மழைநீரில் வழிந்தோ காற்றில் தூசாகவோ ஈரநிலத்துக்குப் போகலாம் என்பது, குழாய்முனை போன்ற ஒரு மூலத்திலிருந்து வரும் வெளியேற்றம் என்று காட்டப் போதவில்லை. மாநிலத்தின் மண் வரம்பைத் தாண்டியிருக்கிறது என்ற எண் மட்டுமே 'உடனடியான, கணிசமான அபாயம்' ஆகிவிடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. யாருக்கு, எந்த வழியில், எவ்வளவு ஈயம் போய்ச் சேருகிறது என்பதை வாதிகள் காட்டியிருக்க வேண்டும்.

இந்த மூன்று வழக்கையும் அடுக்கிப் பார்க்கும்போது எங்களுக்குப் படுவது இதுதான்: நீரைப் பார்த்துச் சுடும் ஷாட்கன் தளத்துக்குத் தற்காப்பே கிடையாது. சுட்டுக்கொண்டிருந்தால் நீர்ச் சட்டம், நிறுத்தினால் கழிவுச் சட்டம். நிலத்தில் விழ வைத்து, விழுந்ததை அவ்வப்போது அள்ளி, அள்ளியதற்குச் சீட்டு வைத்திருக்கும் தளம்தான் நிற்கும்.

கிளப் செய்ய வேண்டியது

முதலில் திசை. தளம் நீரையோ ஈரநிலத்தையோ பார்த்திருந்தால் மண்ணைத் திருத்துவதில் காசைச் செலவழிக்காதீர்கள்; சுடும் மேடையைத் திருப்புங்கள். டிராப்பில் ரவை விசிறிபோல் விரிந்து விழும்; அந்த விசிறி சுமார் 100 பாகை. ஸ்கீட்டின் விசிறி ஏறக்குறைய அரைவட்டம், இடமும் கூடுதலாகக் கேட்கும். இரண்டு டிராப் தளங்களை ஒன்றையொன்று சற்றே பார்த்தாற்போல் திருப்பி வைத்தால் இரண்டின் ரவையும் ஒரே துண்டு நிலத்தில் விழும். பின்னால் அள்ளும் செலவு பாதியாகும். திருப்ப இடமில்லையென்றால் உயரமான வலைத்திரை கட்டி ரவையை இடையில் மறிக்கலாம். திரை மலிவு இல்லை, காற்றில் கிழியும், கம்பங்களுக்கு ஆழமான அடித்தளம் வேண்டும். ஆனால் விழும் நிலம் பெரிதும் சுருங்கும்.

ஒரு சிறு கிளப்பின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50 பேர், வாரம் ஆளுக்கு இரண்டு சுற்று, ஆண்டில் 40 வாரம். வாரத்துக்கு 80 கிலோ, ஆண்டுக்கு 3.2 டன். 100 பாகை விசிறியில் 115 முதல் 180 மீட்டர் வரையிலான பட்டையின் பரப்பு சுமார் 16,700 சதுர மீட்டர். எல்லாம் அதில் விழுந்தால் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 190 கிராம், இருபது ஆண்டில் 3.8 கிலோ. மேல் 5 சென்டிமீட்டர் மண்ணின் எடை சதுர மீட்டருக்கு 65 கிலோ அளவில் இருக்கும். அதாவது அந்த மேல்மண்ணில் 5 சதவீதத்துக்கு மேல் ஈயம். வீட்டுமனை மண்ணுக்குப் பல ஆண்டுகள் கூட்டாட்சி அளவுகோலாக இருந்தது கிலோவுக்கு 400 மில்லிகிராம், 0.04 சதவீதம். 'நம்முடையது சின்னக் கிளப்' என்ற பேச்சு இந்தக் கணக்கின் முன் நிற்காது.

மண்ணை ஆண்டுக்கொருமுறை சோதியுங்கள். பி.எச். 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருந்தால் ஈயம் பெரும்பாலும் நகராது. கீழே இருந்தால் சுண்ணாம்புக்கல் தூள் தூவ வேண்டும்; எவ்வளவு என்பதைச் சோதனைக்கூடச் சீட்டு சொல்லும், ஏனென்றால் மணலுக்கும் களிக்கும் அளவு மாறும். ஊசியிலை மரங்கள் அடர்ந்த வடகிழக்கு அமெரிக்காவில் மண் தானாகவே புளிக்கும், ஒருமுறை தூவிவிட்டு மறந்துவிட முடியாது. பாஸ்பேட்டும் உதவும், 1,000 சதுர அடிக்கு 15 முதல் 20 பவுண்டு தூவினால் ஈயம் பைரோமார்ஃபைட் என்னும் கரையாத கனிமமாக மாறுகிறது. ஆனால் ஓடைக்கரையில் பாஸ்பேட் வேண்டாம். மழையில் கழுவிப்போய்ப் பாசி பெருக்கெடுக்கும், மீன் சாகும். மிகையான சுண்ணாம்பிலும் சிக்கல் உண்டு. ரவையை இறுக்கச் சில சதவீதம் ஆண்டிமனி கலக்கிறார்கள்; மண் காரமானால் ஆண்டிமனி கரைந்து நகரத் தொடங்கும். ஆகவே தூவியபின் அதே ஆண்டில் மறுசோதனை செய்யுங்கள்.

தட்டு வாங்கும்போதும் கவனம் தேவை. தார்ப்பிசின் இல்லாத 'சூழலுக்கு உகந்த' தட்டுகளில் சில கந்தகத்தைப் பிணைப்பாகக் கொண்டவை. கந்தகம் மண்ணில் அமிலமாகும். ரவை கிடக்கும் அதே நிலத்தில் அது விழுந்தால் ஈயத்தைக் கரைத்துவிடும். நல்லது செய்ய நினைத்துக் கெடுத்துக்கொள்ளும் இடம் இது. விற்பவரிடம் பிணைப்பு என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

புல் வளர்ப்பது நல்லது; வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மழையின் வேகத்தைத் தணிக்கும். பழப்புதர், தானியப்புல் வேண்டாம். பறவைகளை நாமே அழைத்ததாகிவிடும். வெட்டவெளியில் வாய்க்கால் வெட்டி நீரை விரைவாக வெளியேற்றுவது பழைய பழக்கம். அது கூடாது. அந்த வாய்க்கால்தான் நாளை வழக்கறிஞரின் கையில் 'குழாய்முனை' ஆகும். குறுக்கே மண்வரப்பு போட்டு, நீரைத் தேக்கி, வண்டலைப் படியவிட்டு, மெதுவாக விடுங்கள்.

அள்ளுவது எல்லாவற்றிலும் பெரிய வேலை. ரவை விழுந்த நிலத்தில் மேலாக உள்ள 5 முதல் 10 சென்டிமீட்டர் மண்ணைச் சுரண்டி, அதிரும் சல்லடைகளில் சலித்து, காற்றடித்தோ நீரில் கழுவியோ ஈயத்தைப் பிரிப்பார்கள். தரை சமமாக, கல்லும் வேரும் இல்லாமல் இருந்தால் மகசூல் நன்றாக வரும். மரம் அடர்ந்த சரிவென்றால் மீட்பு நிறுவனங்கள் வரவே தயங்கும். அதனால்தான் விழும் பட்டையை முதலிலேயே வெட்டித் திருத்தி வைக்கச் சொல்கிறோம். துப்பாக்கிக் குண்டு தாங்கும் மண்மேடுகளுக்கு, ஒரு சுடுவரிசைக்கு ஒரு லட்சம் குண்டு என்பது அள்ளும் நேரத்துக்கான அடையாளம். பயன்பாடு குறைந்த தளமும் ஐந்தாண்டைத் தாண்டவிடக் கூடாது. ஆகவே வருகைப் பதிவேட்டில் ஆள் எண்ணிக்கையோடு வெடி எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

சட்டம் இங்கே கிளப்பின் பக்கம் நிற்கிறது. மறுசுழற்சிக்குப் போகும் ஈயம் பழைய உலோகமாகவே கொள்ளப்படும், அபாயக் கழிவின் கெடுபிடி இல்லை. சலித்த மண்ணைத் தளத்திலேயே திரும்பப் போட்டால் அனுமதி வேண்டாம். அதே மண்ணை வெளியே கொண்டுபோனால் கதை மாறும்: கசிவுச் சோதனை, தேறாவிட்டால் அபாயக் கழிவுச் சீட்டு, உரிமம் பெற்ற வண்டி. 'பக்கத்து ரோடு வேலைக்கு நிரப்பு மண் கேட்டார்கள்' என்று கொடுத்துவிடுவது ஒரு கிளப் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. சோதனை முடிவு, சுண்ணாம்பு பில், மீட்ட ஈயத்தின் எடைச்சீட்டு ஆகிய எல்லாவற்றையும் தளம் இருக்கும்வரையிலும், மூடியபின் குறைந்தது பத்தாண்டும் வைத்திருக்க வேண்டும். முகமை 2001இல் வெளியிட்டு 2005இல் திருத்திய சுடுதள ஈயக் கையேடும் இதைத்தான் சொல்கிறது.

எஃகு ரவை நல்ல மாற்றுதான். ஆனால் அடர்த்தி ஈயத்துக்கு 11.3 என்றால் எஃகுக்கு 7.8, அதே தாக்குதலுக்கு இரண்டு நம்பர் பெரிய ரவை வேண்டும். பழைய மெல்லிய குழல்களில், குழல்வாயைக் குறுக்கும் இறுக்கமான சோக்கில் சுட்டால் குழல்வாய் பிதுங்கலாம். கடினமான பரப்பில் பட்டால் திரும்பித் தெறிக்கும், ஆகவே கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லாமல் ஒருவரும் தளத்துக்குள் நிற்கக் கூடாது.

உரிமைப் பேச்சு எங்கே உதவும்

பல மாநிலங்களில் சுடுதளப் பாதுகாப்புச் சட்டங்கள் உண்டு. அவை பெரும்பாலும் சத்தம், தொந்தரவு என்று பின்னால் குடிவந்தவர்கள் போடும் வழக்கிலிருந்துதான் காக்கும். கூட்டாட்சி நீர்ச் சட்டத்தையோ கழிவுச் சட்டத்தையோ தடுக்காது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசமைப்பின் இரண்டாம் திருத்தமும் அதன் இடத்தில் வலுவானது. துப்பாக்கி அனுமதிக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கிவிட்டு, நகருக்குள் தளங்களையே தடைசெய்த சிகாகோவை 2011இல் ஏழாம் சரக நீதிமன்றம் ஈஸெல் வழக்கில் நிறுத்தியது. பயிற்சி உரிமைக்கு அது பெரிய வெற்றி. ஆனால் லார்ட்ஷிப் வழக்கில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை கேள்வியாகவே எழவில்லை. அங்கே விவாதம் தரையில் கிடந்த பொருளைப் பற்றியது. தரையில் கிடப்பதற்கு உரிமை முழக்கத்தால் பதில் சொல்ல முடியாது, எடைச்சீட்டால் சொல்லலாம்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. 1937இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி நீள்குழல் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது 11 சதவீதமும் கைத்துப்பாக்கி மீது 10 சதவீதமும் வரி வசூலாகி, காட்டுயிர் மீட்புக்கும் வேட்டைப் பயிற்சிக்கும் தளங்களுக்கும் மாநிலங்கள் வழியே திரும்புகிறது. 2019இல் வந்த திருத்தம், பொதுமக்களுக்கான தளம் கட்டும் செலவில் 90 சதவீதம் வரை கூட்டாட்சிப் பங்காக இருக்க இடம் தந்தது. உறுப்பினருக்கு மட்டும் திறந்த கிளப்புக்கு இது கிடைப்பது கடினம். வாரத்தில் சில நாள் பொதுமக்களுக்குத் திறப்பது பற்றி மாநில வனவுயிர்த் துறையிடம் முதலில் பேசிப்பாருங்கள்.

மூடுவதற்கு முன்

லார்ட்ஷிப்பின் சிக்கல் மூடிய பிறகுதான் முற்றியது என்பதை மறக்க வேண்டாம். சுடுவது நடக்கும்வரை ரவை 'பயன்பாட்டில் விழுந்த பொருள்'. கதவைப் பூட்டியதும் அது 'கைவிட்ட பொருள்' ஆகும் வாய்ப்பு பெருகுகிறது. உறுப்பினர் குறைந்து, குத்தகை முடிந்து, தளத்தை விடப்போகும் கிளப் கடைசிச் சுற்றுக்கு முன்பே ஈயத்தை அள்ளிவிட வேண்டும். அப்போதுதான் மீட்ட ஈயத்தின் விலை கிளப்புக்கு வரும், தளம் என்ற தகுதியும் கையில் இருக்கும். குத்தகை நிலமென்றால், ஈயம் யாருடையது, அள்ளுவது யார் பொறுப்பு, முடியும்போது மண்ணைச் சோதிப்பது யார் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பழைய குத்தகைப் பத்திரங்களில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தலின்போது சேர்த்துவிடுங்கள். தளம் தொடங்கும் முன் எடுத்த மண் சோதனை இல்லாத கிளப், சுடாத ஒரு மூலையில் இருந்து இப்போதே மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த நிலத்தின் இயல்பான ஈய அளவு எவ்வளவு என்று கேட்கும் நாளில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.